கொல்லைப்புறத்தில் பிறந்த பிரயாண வண்டி

1919ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் தேதி, அமெரிக்க ராணுவத்தின் மோட்டார் வாகன அணி ஒன்று, வாஷிங்டன் நகரில் வெள்ளை மாளிகைக்குத் தெற்கேயுள்ள மைதானத்திலிருந்து, கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் ஸான் பிரான்ஸிஸ்கோவை நோக்கிப் புறப்பட்டது. மகாயுத்தம் ஓய்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்த அந்தச் சமயத்தில், ரயிலின் உதவியின்றி ஒரு சமுத்திரக் கரையிலிருந்து மறு சமுத்திரக் கரைக்குப் படையையும் தளவாடங்களையும் மோட்டாரிலேயே கொண்டுசெல்ல இயலுமா என்று பரீட்சித்துப் பார்ப்பதே அந்தப் பிரயாணத்தின் நோக்கம். பார்வையாளராக அந்த அணியில் சேர்ந்துகொண்ட இளம் அதிகாரிகளுள் பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐஸன்ஹோவரும் ஒருவர். முதல் நாள் ஏழேகால் மணி நேரத்தில் 46 மைல்தான் செல்ல முடிந்தது. அன்றைய தினக்குறிப்பில் பதிவான பழுதுகளுள் ஒன்று, இழுத்துச் செல்லப்பட்ட சமையல் டிரெய்லரின் இணைப்பு முறிந்துபோனது என்பதாகும். மேற்கே செல்லச் செல்லப் பாலங்கள் பாரம் தாங்காமல் இடிந்தன. சக்கரங்கள் சேற்றிலும் மணலிலும் புதைந்தன. ஸான் பிரான்ஸிஸ்கோ போய்ச் சேர 62 நாட்கள் ஆயின.

காட்டிலும் பாலைவனத்திலும் இழுத்துச் சென்று தங்குவதற்கென்று தனியாக டிரெய்லர்கள் செய்யப்படும் இந்நாளில், அந்த வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது உலக யுத்தத்தின் ஜீப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கும் முந்திய காலத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், ஐம்பது மைல் தொடர்ச்சியாகக் கப்பி போட்ட சாலை கிடைப்பதே அரிதாயிருந்த ஒரு தேசத்தில், வீட்டை விட்டு வெளியே கிளம்பிய ஒவ்வொரு மோட்டாரும் இன்று நாம் சாலையில்லாத இடம் என்று சொல்லும் இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தகைய பாதையில் வண்டியைச் செய்தவரே அதில் படுத்துறங்கி, மறுநாள் முறிந்ததைத் தம் கையாலேயே சரிசெய்ய நேர்ந்த நிர்ப்பந்தத்திலிருந்துதான் இந்த வாகனத்தின் நல்ல அம்சங்கள் யாவும் தோன்றின.

ஹென்றி போர்டின் 'மாடல் டி' மோட்டார் 1908ஆம் ஆண்டில் வெளிவந்து, 1927 வரையில் 150 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளாகப் பெருகி, குடியானவனும் பள்ளி ஆசிரியனும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியபோது, அமெரிக்க ஜனங்களுக்கு யாத்திரை மோகம் ஒன்று பிடித்தது. போர்டும், எடிஸனும், டயர் உற்பத்தியாளரான பயர்ஸ்டோனும் வருஷந்தோறும் கோடையில் மோட்டார்களில் கிளம்பி, காட்டில் கூடாரமடித்துத் தங்கியதைப் பத்திரிகைகள் விமரிசையாக வருணித்தன. அந்தத் தனவந்தர்களுக்குச் சமையல் லாரியும் பரிசாரகரும் இருந்தனர். சாதாரண மனிதனுக்கோ காரின் இரு பக்கமும் தொங்கும் மூட்டைகளும், பின்புறம் கட்டிய பாத்திரங்களும், தகர டப்பாவில் அடைத்த ஆகாரமுமே துணை. 1919இல் பிளாரிடாவின் டாம்பா நகரில் இத்தகைய யாத்திரிகர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, 'தகர டப்பா யாத்திரிகர்கள்' என்று அதற்குப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள்.

மூட்டைகளின் சுமை தாங்காமல் காரின் வில் பட்டைகள் வளைந்தபோது, சுமையைப் பின்னால் ஒரு தனி வண்டியில் ஏற்றினால் என்ன என்ற எண்ணம் பலருக்கு உதித்ததில் வியப்பில்லை. பழைய 'மாடல் டி' ஒன்றின் முன் அச்சும் இரு சக்கரங்களும் அற்ப விலைக்குக் கிடைத்தன. அவற்றின்மேல் மரச்சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மடக்கி விரிக்கும் கூடாரம். ஆனால் முன் அச்சு என்பது திரும்புவதற்காகச் செய்யப்பட்டது. அதைத் திரும்பாதபடி இறுக்கிப் பூட்டாவிட்டால் வண்டி சாலையில் தன் இஷ்டப்படி போகும். இந்த உண்மையைப் பலர் சாலையோரத்துப் பள்ளத்தில்தான் கற்றுக்கொண்டார்கள்.

டெட்ராய்ட்டில் வாழ்ந்த ஆர்தர் ஷெர்மன் என்பவர் தொழிலால் நுண்கிருமி ஆராய்ச்சியாளர். தச்சரும் அல்லர், கொல்லரும் அல்லர். 1920களின் இறுதியில், ஐந்தே நிமிஷங்களில் விரித்துவிடலாம் என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்ட கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு உல்லாசமாகக் கிளம்பினார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. விளம்பரத்தில் கண்ட ஐந்து நிமிஷம் மழையில் எங்கோ மறைந்துபோக, நனைந்த துணியோடும் வளைந்த கம்பிகளோடும் நெடுநேரம் போராடியும் கூடாரம் நிற்கவில்லை. விஞ்ஞானிக்கே உரிய முறையில், தோல்வியின் காரணத்தை ஆராய்ந்த அவர், விரிக்கவேண்டிய அவசியமே இல்லாத ஒரு வண்டிதான் பரிகாரம் என்று முடிவு கட்டி, ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் கொண்ட ஒரு பெட்டியைச் சக்கரங்களின்மேல் அமைத்து, உள்ளே அடுப்பும் ஐஸ் பெட்டியும் அலமாரிகளும் வைத்தார். மேற்குத் திசை நோக்கிக் குடியேறிய முன்னோர்களின் மூடுவண்டியை நினைவூட்டும் பெயரை அதற்கு இட்டு, 1930ஆம் ஆண்டு டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அதைப் போன்ற ஒன்றை வைத்தார். ஆறே வருஷங்களில் அவருடைய ஸ்தாபனம் அத்தொழிலில் தேசத்திலேயே பெரியதாக வளர்ந்துவிட்டது.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பத்திரிகைத் தொழில் நடத்திக்கொண்டிருந்த வாலி பையம் என்பவரின் கதை இன்னும் நின்று நோக்கத்தக்கது. 1896இல் ஓரிகன் மாநிலத்தில் பிறந்த இவர், சிறு வயதில் ஆடு மேய்க்கச் சென்றபோது, கழுதை இழுக்கும் இரு சக்கர வண்டி ஒன்றில், மண்ணெண்ணெய் அடுப்பும் கை கழுவும் வாளியுமாக வாழ்ந்தவர். பின்பு ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் பயின்று, சொந்தமாகப் பத்திரிகைகள் வெளியிடலானார். வீட்டிலேயே சாமான்கள் செய்துகொள்ள வழி காட்டும் தம் பத்திரிகை ஒன்றில், டிரெய்லர் கட்டும் முறையை விளக்கும் கட்டுரையைப் பிரசுரித்தார். அதை நம்பி வண்டி கட்டிய வாசகர்கள், படத்தில் உள்ளபடி செய்தால் வண்டி சரியாக அமையவில்லை என்று புகார் எழுதினார்கள். அந்தப் புகார்களை ஒதுக்கிவிடாமல், அச்சிட்ட முறைப்படியே தாமும் ஒன்று செய்து பார்த்தார். வாசகர்கள் சொன்னது உண்மை என்று கண்டார். ஓர் ஆசிரியர் தம் பத்திரிகையில் வந்த விஷயத்தைத் தம் கையாலேயே பரீட்சித்துப் பார்த்த இந்தச் செய்கையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிறகு தம் மனம்போல் ஒன்று கட்டலானார். 'மாடல் டி' அடிச்சட்டத்தின்மேல் தளம் பரப்பி, அதன்மேல் கூடாரம் அமைத்த முதல் முயற்சி, மழைக்காலத்தில் விரிப்பதற்குச் சிரமமாயிருந்ததோடு, அவருடைய மனைவிக்கு உகந்த சமையல் வசதியும் அதில் இல்லை. எனவே கூடாரத்தை நீக்கி, காற்றைக் கிழித்துச் செல்லும் நீர்த்துளி வடிவில் கெட்டியான கூடு ஒன்றை எழுப்பி, ஐஸ் பெட்டியும் மண்ணெண்ணெய் அடுப்பும் உள்ளே பொருத்தினார். அக்காலத்து டிரெய்லர்களில் தளம் அச்சுக்கு மேலே இருந்ததால் உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை. கூரையை உயர்த்தினாலோ காற்றில் தள்ளாடும். பையம் தளத்தை இரு சக்கரங்களுக்கும் இடையே தாழ்த்தி அமைத்தார். மனிதன் நிமிர்ந்து நின்றான். வண்டியின் கனமும் பூமிக்கு நெருங்கி வந்தது. எளிய யோசனைதான், ஆனால் குனிந்தபடி சமைத்த முதுகுவலி இல்லாத ஒருவருக்கு அது தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

நூறு டாலரில் டிரெய்லர் கட்டுவது எப்படி என்று இவர் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை பெரும் பிரசித்தி அடைந்தது. வரைபடங்களைத் தபாலில் விற்றார். அவற்றை வாங்கியவர்கள் தத்தம் கொல்லைப்புறங்களில் வண்டி கட்டி, ஓட்டிப் பார்த்து, அனுபவங்களை எழுதினார்கள். தமக்குக் கட்டித் தரும்படி கேட்டவர்களுக்காக வீட்டின் பின்புறத்திலேயே பட்டறை போட்டு, சுத்தியல் ஓசை தாங்காமல் அண்டை வீட்டார் ஆட்சேபிக்கவே, 1931இல் கல்வர் ஸிட்டி என்னும் இடத்தில் ஒரு கட்டிடத்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டார்.

கொல்லைப்புற வண்டிக்காரர்களை எல்லாம் அலைக்கழித்த ஒரு சங்கடத்தை இங்கே சற்று விளக்க வேண்டும். மணிக்கு இருபது மைல் வேகத்தில் சாதுவாகப் பின்தொடரும் டிரெய்லர், நாற்பது மைல் வேகத்தில் திடீரென்று வாலை இப்புறமும் அப்புறமும் வீசத் தொடங்கும். வீச்சு பெருகிப் பெருகி, இழுக்கும் காரையே சாலையைவிட்டுத் தள்ளும். நம் ஊர் வண்டிக்காரர் பாரம் ஏற்றும்போது முன்பாரம் பின்பாரம் பார்த்து, பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும் என்றும், முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும் என்றும் அறிந்து, மூட்டையை ஒரு சாண் முன்னே பின்னே தள்ளி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். டிரெய்லரின் மொத்தக் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்று அதிகம், இணைப்புக் கொக்கியின்மேல் அழுந்தி நிற்கவேண்டும். குறைந்தால் வால் வீசும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. ஆதலால் அச்சு நட்டநடுவில் இராமல் கனத்தின் மையத்துக்குச் சற்றே பின்னால் அமையவேண்டும். தண்ணீர்த் தொட்டியோ, நிரம்பியிருந்தாலும் காலியானாலும் இந்தச் சமநிலை கெடாதபடி, அச்சுக்கு மேலேயே இருப்பது உத்தமம். அலமாரியை வாலில் வைத்து, அதில் இரும்புச் சாமான்களை அடைத்துக் கொண்டு கிளம்பி, முதல் இறக்கத்திலேயே நடுங்கித் திரும்பி வந்து, அச்சை அறுத்து இடம் மாற்றிப் பொருத்திய எத்தனையோ பெயர் தெரியாத மனிதர்களின் அனுபவமே இன்று கையேடுகளில் ஒரு வரி விதியாக நிற்கிறது.

1930களின் நடுவில் டிரெய்லர் மோகம் உச்சத்தை அடைந்து, இன்னும் இருபது வருஷங்களில் அமெரிக்கரில் பாதிப்பேர் சக்கரத்தின் மேல்தான் குடியிருப்பார்கள் என்று ரோஜர் பாப்ஸன் என்னும் பொருளாதார நிபுணர் ஆரூடம் சொல்லும் அளவுக்குச் சென்றது. அது பலிக்கவில்லை. அதைவிட முக்கியமானது, ஆகாய விமானத் தொழிலிலிருந்து இத்தொழிலுக்கு வந்த ஒரு நன்மை. லிண்ட்பர்க் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிய விமானத்தின் நிர்மாணத்தை மேற்பார்த்தவரும், கிளைடர் விமானங்கள் கட்டுவதில் சமர்த்தருமான ஹாலி பௌலஸ், 1934இல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த டிரெய்லர் ஒன்றைச் செய்தார். அதில் தகடே பாரத்தைத் தாங்கிற்று. குலுங்கும் சாலையில் ஆணியடித்த மரக்கூடு நாளடைவில் கழன்றுவிடும். இதுவோ சற்றே நெளிந்துகொடுத்துத் தன் நிலைக்குத் திரும்பும். அதன் குறை, வாசல் முன்புறத்தில் இணைப்புத் தண்டின்மேலே அமைந்திருந்ததுதான். அந்த அமைப்பைப் பின்பற்றிய பையம், வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, நால்வர் உறங்க இடமும், தண்ணீர் வசதியும், மின்விளக்கும் சேர்த்து, 1936 ஜனவரியில் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற பெயரால் 1,200 டாலருக்கு விற்றார்.

பின்பு யுத்தம் வந்தது. அலுமினியம் முழுவதும் விமானங்களுக்குப் போயிற்று. பையமும் விமானத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்றார். ஆனால் கரடுமுரடான பூமிக்கென்றே சிந்தித்துச் செய்யப்பட்ட சிறு டிரெய்லர் அந்த யுத்தத்தில்தான் பிறந்தது. பென்ஸில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்னும் ஊரிலிருந்த 'அமெரிக்கன் பாண்டம்' என்ற சிறிய கம்பெனி, 1940 செப்டம்பரில் முதல் ஜீப்பைச் செய்து ராணுவத்தினிடம் பரீட்சைக்கு ஒப்படைத்தது. ஜீப் உற்பத்தியின் பெரும்பகுதி வில்லிஸ், போர்டு கம்பெனிகளுக்குச் சென்றுவிட, முதலில் கண்டுபிடித்த பாண்டத்துக்கு ஜீப்பின் பின்னால் இழுக்கும் கால் டன் டிரெய்லர் கட்டும் வேலை பெரிதாகக் கிடைத்தது. நியாயமற்ற பங்கீடு என்றே எனக்குப் படுகிறது; ஆயினும் அந்தக் கம்பெனி மனம் தளர்ந்து ஏனோதானோவென்று வேலை செய்யவில்லை.

அந்த டிரெய்லரை ஆராய்ந்து பார்த்தால், இன்றைய காட்டுப் பிரயாண வண்டியின் இலக்கணம் அனைத்தும் அதில் அடங்கியிருப்பது தெரியும். அதன் சக்கரங்களும் டயர்களும் ஜீப்பினுடையவையே. ஆகவே ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். சக்கரங்களின் இடைவெளியும் ஜீப்பினுடையதே. மணலிலோ சேற்றிலோ ஜீப் வெட்டிச் செல்லும் தடத்திலேயே டிரெய்லரும் உருளுமாகையால், புதுத்தடம் வெட்டும் பிரயாசை இல்லை. கொக்கியில் வளையம் மாட்டும் இணைப்பானபடியால், மேட்டிலும் பள்ளத்திலும் முறுக்கு விழாமல் எப்பக்கமும் திரும்பும். உடல் நீர் புகாத தொட்டியாகச் செய்யப்பட்டதால் ஆற்றில் மிதக்கும்; உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற அடியில் திருகு அடைப்புகள் உண்டு. கழற்றி நிறுத்தினால் சாயாமலிருக்க முன்னால் ஒரு மடக்குக் கால், உருளாமலிருக்கக் கைப்பிரேக். சுமார் 550 பவுண்டு எடையுள்ள இதில் நல்ல சாலையில் 1,000 பவுண்டும், சாலையில்லாத இடத்தில் 500 பவுண்டும் ஏற்றலாம் என்று விதித்திருந்தார்கள். கரடுமுரடான பூமியில் பாதிப் பாரமே ஏற்றவேண்டும் என்ற அந்த விதியை, இக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டியும் மின்கலங்களும் கூரைமேல் இன்னொரு கூடாரமும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவர்கள் எழுதிப் பார்வையில் வைத்துக்கொள்வது நல்லது.

யுத்தம் முடிந்தபின் உபரியாய் விற்கப்பட்ட ஜீப்புகளோடு இந்த டிரெய்லர்களும், அலுமினியத் தகடுகளும், சக்கரங்களும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வீட்டுப் பட்டறைகள் மீண்டும் விழித்தன. 1947இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை வெளியிட்ட நீர்த்துளி டிரெய்லரின் வரைபடம் இன்றுவரை கைமாறி வருகிறது. நான்கடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட பிளைவுட் பலகையின் அளவே இத்தகைய வண்டியின் அளவாயிற்று. வீணாக வெட்ட வேண்டியதில்லை. உள்ளே இருவர் படுக்க இடம். பின்புறக் கதவைத் தூக்கினால் சமையற்கட்டு. தூக்கிய கதவே கூரை.

பையம் மீண்டும் தம் தொழிலைத் தொடங்கி, இம்முறை பரீட்சைச் சாலையாகக் கண்டங்களையே தேர்ந்துகொண்டார். 1951ஆம் ஆண்டின் இறுதியில் அறுபதுக்கு மேற்பட்ட டிரெய்லர்களைத் திரட்டிக்கொண்டு மெக்ஸிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் அவர் சென்ற பாதை, பெயரளவில் பெருஞ்சாலையாயினும் பல இடங்களில் சாலையென்று சொல்லத்தக்கதாய் இல்லை. அதைவிடக் கடுமையான பரீட்சை 1959இல் தொடங்கியது. 41 டிரெய்லர்களில் 106 பேர், கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரையில், ஆப்பிரிக்கா கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கப் புறப்பட்டார்கள். அவர்களுள் பலர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆப்பிரிக்கப் பாதைகளில் மூன்று சத்துருக்கள் இருந்தன. முதலாவது, செம்மண் சாலையில் வாகனங்கள் ஓடி ஓடி உண்டாகும் அலையலையான வரிகள். அந்த இடைவிடாத அதிர்ச்சியால் திருகாணிகள் தாமே கழலும், பற்றுவைத்த மூலைகள் விரியும், வில் பட்டைகள் முறியும். இரண்டாவது புழுதி. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், சக்கரம் கிளப்பும் தூசு வண்டியின் பின்பக்கத்துச் சந்துகள் வழியே உறிஞ்சப்பட்டு உள்ளே நிறையும். சந்துகளை எவ்வளவு அடைத்தாலும் தீராத இந்தத் தொல்லைக்கு, முன்புறத்தில் உயரமாக ஒரு காற்றுத்துவாரம் வைத்து, உள்ளே அழுத்தத்தை மிகுவித்து, தூசு புகாமல் தடுப்பதே தக்க பரிகாரம் என்று கரட்டுப் பாதைகளில் டிரெய்லர் இழுத்தவர்கள் நாளடைவில் கண்டார்கள். மூன்றாவது சேறு. எத்தியோப்பிய மலைப் பிரதேசத்தில் லாரி வகை வாகனங்களே இழுக்க முடியாமல் திணற, ஒன்றன்பின் ஒன்றாக டிரெய்லர்களைத் தள்ளியும் இழுத்தும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அடிஸ் அபாபாவில் சக்கரவர்த்தி ஹெயிலி ஸெலாஸி அவர்களுக்குப் பேட்டி அளித்தார். 1960இன் தொடக்கத்தில் கெய்ரோவை அடைந்து, பிரமிடுகளின் அடிவாரத்தில் டிரெய்லர்களை வட்டமாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாற்றத்துக்காக மாற்றம் செய்யலாகாது, அபிவிருத்தியானால் மட்டுமே செய்யவேண்டும் என்பது பையம் தம் தொழிற்சாலைக்கு வகுத்த நெறி. அபிவிருத்தி எது என்று அறிய அவர் கையாண்ட வழி, தாமே வண்டியை இழுத்துச் சென்று, தம்மோடு வந்தவர்களின் வண்டிகளில் என்ன முறிந்தது என்று பார்ப்பதுதான். 1962இல் அவர் காலமானார். அடுத்த வருஷம் ஸிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட மற்றோர் அணி, இந்தியா, ஆப்கானிஸ்தானம், பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. 1930களில் தோன்றிய நூற்றுக்கணக்கான டிரெய்லர் கம்பெனிகளில் பெரும்பாலானவை, ஷெர்மனின் பெரிய ஸ்தாபனம் உட்பட, மறைந்துவிட்டன. பையத்தின் தொழிற்சாலையோ ஒஹாயோ மாநிலத்தில் ஜாக்ஸன் ஸென்டர் என்னும் சிற்றூரில் இன்றும் நடைபெறுகிறது.

வீட்டிலேயே இத்தகைய வண்டி கட்டும் ஆசையுடையவர்கள் இன்று பல தேசங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டை எழுப்புவதற்கு முன்பே வெறும் அடிச்சட்டத்தின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றி, மோசமான பாதை ஒன்றில் இழுத்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு பற்றுவைப்பையும் திருகாணியையும் விளக்கு வெளிச்சத்தில் சோதியுங்கள். வண்டி முடிந்தபின், அதன் அழகிய படத்தோடு நின்றுவிடாமல், எந்த இடத்தில் எந்தப் பாகம் எதனால் முறிந்தது, பிறகு எவ்வாறு மாற்றினீர்கள் என்பதையும் எழுதி மற்றவர்களுக்குக் கொடுங்கள்.